டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட்டர்: செம்பனை ஆலைப் பேனல் பட்டறைக்குப் பயன்படுமா?

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டங்களைச் சுற்றியுள்ள செம்பனை ஆலைகளுக்கு மோட்டார் கட்டுப்பாட்டுப் பேனல் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளை மனத்தில் வைத்தே, மின் வரைபடங்கள் வரைய உதவும் ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் மென்பொருளில் இடம்பெற்றுள்ள டெர்மினல் ஸ்ட்ரிப் எடிட்டரை இங்கே மதிப்பிடுகிறேன். டெர்மினல் என்பது வயர்களை இணைக்கும் முனை; அவற்றை வரிசையாக அடுக்கியதே ஸ்ட்ரிப். அந்த மென்பொருளில் மிகுந்த பயன் தருவதும் இதுதான், மிகுந்த ஏச்சுக்கு ஆளாவதும் இதுதான். அந்த ஏச்சில் பெரும்பகுதி நியாயமற்றது என்பது என் முடிவு. எடிட்டரில் தெரியும் கோளாறு, பெரும்பாலும் எடிட்டருக்கு வெளியே, வரைபடத்திலேயே பிறந்ததாக இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, கருவி வேலை செய்யும் முறையை முதலில் அறிய வேண்டும். வரைபடத்தில் நாம் வைக்கும் ஒவ்வொரு டெர்மினல் குறியீடும் தன் ஸ்ட்ரிப்பின் பெயர், டெர்மினல் எண், வயர் எண், நிறுவல் குறியீடு (எந்த நிறுவலைச் சேர்ந்தது), இடக் குறியீடு (எந்தப் பேனலில் அல்லது இடத்தில் உள்ளது) ஆகியவற்றைத் தன்னுள் சுமந்திருக்கிறது. புரொஜெக்டிலுள்ள எல்லா வரைபடங்களிலிருந்தும் இந்த விவரங்கள் ஒரு தரவுத்தளத்தில் சேர்கின்றன. எடிட்டர் அந்தத் தரவுத்தளத்தைப் படித்து அட்டவணையாகக் காட்டுகிறது. நாம் செய்த மாற்றங்களை ஏற்றுக்கொண்டதும் அவற்றை மீண்டும் வரைபடங்களில் எழுதுகிறது. ஆகவே, சிக்கல் வந்தால் வரைபடத்தில் பதிந்த விவரம், தரவுத்தளம், திரும்ப எழுதும் படி என்ற இந்த மூன்றில் எது பழுதானது என்று பார்ப்பதே முதல் வேலை.

அடிக்கடி கேட்கும் குறை, ஒரே ஸ்ட்ரிப் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது என்பது. எடிட்டர் ஒரு ஸ்ட்ரிப்பை அதன் பெயரை மட்டும் கொண்டு அடையாளம் காண்பதில்லை. நிறுவல் குறியீட்டையும் இடக் குறியீட்டையும் சேர்த்தே பார்க்கிறது. ஒரு தாளில் ‘எம்.சி.சி.1’ (மோட்டார் கட்டுப்பாட்டுப் பேனல் 1) என்றும் இன்னொரு தாளில் ‘எம்.சி.சி-1’ என்றும் இடக் குறியீட்டைத் தட்டச்சு செய்திருந்தால், டி.பி.1 என்ற ஸ்ட்ரிப் தேர்வுப் பட்டியலில் இரண்டு வரிகளாக நிற்கும். எண்ணிக்கையும் அதற்கேற்பச் சிதறும். எடிட்டரைத் திறந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே இப்பிழை பிடிபட்டுவிடும். இடக் குறியீட்டைக் கையால் தட்டாமல், புரொஜெக்டில் ஏற்கெனவே உள்ள குறியீடுகளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம் பட்டறையில் இருந்தால் இது தலைகாட்டவே காட்டாது.

டெர்மினலின் ஒரு பக்கத்தில் வயர் எண்ணோ சேருமிடமோ வரவில்லை என்பது அடுத்த குறை. வயர் என்று நாம் நினைத்திருப்பது மென்பொருளின் கண்ணுக்கு வெறும் கோடாக இருக்கலாம். வயருக்கென ஒதுக்கப்பட்ட லேயரில் (வரைபட அடுக்கில்) இல்லாத கோட்டை அது வயராகக் கணக்கில் கொள்ளாது. லேயர் சரியாக இருந்தாலும் கோட்டின் முனை டெர்மினலின் இணைப்புப் புள்ளியை எட்டாமல் நின்றால் இணைப்பு இல்லை என்றே கொள்ளும். ஆலை கொடுத்த பழைய, சாதாரண ஆட்டோகேட் வரைபடத்தைத் தொடக்கமாக வைத்து வேலை செய்யும்போது இது மிகுதியாக நேரும். வயர்களைச் சிவப்பில் எடுத்துக் காட்டும் கட்டளையை ஓட்டினால் எந்தக் கோடு வயர் அல்ல என்பது உடனே தெரியும்; கோடுகளை வயர் வகைக்கு மாற்றும் கட்டளையும் மென்பொருளிலேயே இருப்பதால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியதில்லை.

ஆலைப் பேனல்களுக்கே உரிய ஒரு சிக்கலை விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டெரிலைசர், ஸ்க்ரூ பிரஸ், கெர்னல் பகுதி, கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு என்று எதை எடுத்தாலும் மோட்டார் சர்க்யூட்டுகள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். அதனால் ஒன்றை வரைந்துவிட்டு, ஆட்டோகேட்டின் சாதாரண நகல் கட்டளையால் மற்றவற்றைப் பெருக்குவது பலருக்கு வழக்கம். பல அடுக்கு டெர்மினல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மறைவான விவரம் ஒன்று குறியீட்டினுள் இருக்கிறது. சாதாரண நகலில் அதுவும் அப்படியே கூட வந்துவிடும். அப்போது தனித்தனி மோட்டார்களுக்குரிய டெர்மினல்களை எடிட்டர் ஒரே டெர்மினலின் பகுதிகளாக எண்ணி ஒரே வரிசையில் அடுக்கும். ஒன்றின் எண்ணை மாற்றினால் மற்றதும் மாறும். இதைப் பார்த்துக் குழம்பி எண்களைத் திரும்பத் திரும்பத் திருத்துவதால் பயனில்லை. அந்தப் பிணைப்பை முறித்துவிட்டுப் பிறகு எண்ணிட வேண்டும். சர்க்யூட்டை நகலெடுக்க மென்பொருளில் தனிக் கட்டளை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே முறை.

பேனலுக்குள் போகும் வயரும் வெளியே மோட்டாருக்குப் போகும் கேபிளும் பக்கம் மாறி நிற்பதையும் பலர் பிழையாகக் கருதுகிறார்கள். பேனலுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள பாகங்களுக்கு இடக் குறியீடு கொடுக்காவிட்டால் எது உள்ளே, எது வெளியே என்று எடிட்டருக்குத் தெரிய வழியே இல்லை. குறியீடு கொடுத்திருந்தால், ஓர் இடத்தைச் சேர்ந்த எல்லா இணைப்புகளையும் ஒரே கட்டளையில் வெளிப்பக்கத்துக்குத் தள்ளலாம். கேபிள் கிளாண்டு (கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் பாகம்) இருக்கும் பக்கத்திலேயே வெளிக் கேபிள்கள் வந்து சேர்ந்தால் வயர்மேனின் வேலை எவ்வளவு எளிதாகும் என்பதை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தரவுத்தளம் பழையதாகிவிட்டால் அதைப் புதுப்பித்தாலே போதும். எடிட்டரோ, பாகங்களின் விவரப் பட்டியலான காட்டலாக்கோ திறக்கவே மறுத்தால், கணினியில் 32 பிட் ஆபீஸ் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அக்சஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் பதிப்புகளில், மென்பொருளுக்குத் தேவையான 64 பிட் அக்சஸ் தரவுத்தள இயக்கியோடு அது மோதுவது தெரிந்த சங்கதி. மாற்றம் சில தாள்களில் மட்டும் பதியவில்லை என்றால், அந்தக் கோப்பு படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக இருக்கலாம். அல்லது பகிர்ந்த கோப்புறையில் வேறொருவர் அதைத் திறந்து வைத்திருக்கலாம்.

கருவியின் உண்மையான குறை ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. விளைவைக் காட்டும் எடிட்டர் காரணத்தைக் காட்டுவதில்லை. ஸ்ட்ரிப் பிரிந்தது இடக் குறியீட்டால் என்றோ, டெர்மினல்கள் ஒட்டிக்கொண்டது பழைய பிணைப்பால் என்றோ ஒரு வரி எச்சரிக்கை தந்திருந்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வீணாகத் திண்டாட மாட்டார்கள். தணிக்கைக் கட்டளைகள் இருக்கின்றன என்றாலும், அவற்றைத் தேடிப் போய் ஓட்ட வேண்டியவர் பயனர்தான்.

நன்மைகளில், ஸ்ட்ரிப் பேனலில் எப்படி அமையும் என்று வரைந்து காட்டும் பேனல் தளவமைப்பையே நான் மிகவும் பாராட்டுவேன். 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கான, 5.2 மில்லிமீட்டர் அகலமுள்ள டெர்மினல்களை அறுபதாக அடுக்கினால் 312 மில்லிமீட்டர் ஆகும். அதற்கு மேல் முனைத்தாங்கிகளும் பிரிப்புத் தகடுகளும் சேரும். காட்டலாக் விவரம் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால், டெர்மினல்களைப் பொருத்தும் 35 மில்லிமீட்டர் ரெயிலை வெட்டுவதற்கு முன்பே ஸ்ட்ரிப்பின் நீளத்தைத் திரையில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தத் தளவமைப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. வரைபடத்தில் மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் எடிட்டருக்குள் சென்று அதை மறுபடி உருவாக்க வேண்டும்.

எப்போதாவது ஒரு ஸ்டார்ட்டர் பேனல் மட்டும் செய்யும் பட்டறைக்கு இதன் சந்தாச் செலவு கட்டுபடியாகாது. அவர்களுக்கு ஒழுங்காகப் பராமரித்த எக்செல் அட்டவணையே போதும். பல தாள்கள், பல பேனல்கள் கொண்ட ஆலை வேலையை எடுப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சந்தா முறையில் மென்பொருள் 30 நாள்களுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தன் உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், தோட்டத்து ஆலைக்கு மடிக்கணினியோடு சோதனை ஓட்டத்துக்குப் புறப்படுபவர்கள் பட்டறையிலேயே இணைய இணைப்போடு மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.