ஸ்பொட் லைட் சுவிட்சுக்கு ஒரு மூவர்ண லைட்: நாலு வருஷத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது டொயோட்டா 121 கொரோலா கார். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு, "அடுத்த வருஷம் வேற கார் பாப்பம்" என்ற பேச்சும் எங்கள் வீட்டில் நின்றுபோனது. இருக்கிறதைத்தான் வைத்து ஓட்ட வேண்டும் என்று ஆனபிறகு நான் செய்த முதல் வேலை, முன்னால் இரண்டு ஸ்பொட் லைட் பூட்டியது. மட்டக்களப்பிலிருந்து இரவில் கொழும்புக்குப் போகிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. புணானை தாண்டினால் வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வரைக்கும் எந்த வளைவில் யானை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தாரும் சாம்பல், அதுவும் சாம்பல்.

லைட் பூட்டுவது பெரிய வேலையில்லை. 55 வோட் பல்ப் இரண்டு, 15 அம்பியர் பியூஸ், ஒரு ரிலே (சுவிட்ச் சொன்னதும் லைட்டுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் குட்டிப் பெட்டி), டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். கடையில் விற்கிற சுவிட்சுக்குள்ளேயே ஒரு குட்டி லைட் இருக்கும். அது எரிந்தால் முன்னால் வெளிச்சம் போகிறது என்று நினைப்போம். உண்மையில் அதற்குத் தெரிந்ததெல்லாம் நான் சுவிட்சை அமத்தினேன் என்பது மட்டும்தான். பியூஸ் போனாலும் எரியும், ரிலே செத்தாலும் எரியும். ஹை பீமும் சேர்ந்து எரியும்போது ஸ்பொட் நின்றது உடனே கண்ணில் படாது. எனக்கு ஒருநாள் அப்படித்தான் நடந்தது.

அதனால் அந்த லைட்டைக் கழற்றிவிட்டு, நாலு கால் உள்ள 5 மில்லிமீற்றர் எல்ஈடி ஒன்றை வைத்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே குமிழில். காரின் இரும்பு உடம்பே மைனஸ் என்பதால் பொதுக் கால் மைனஸாக உள்ள வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மிக நீளமான கால் அதுதான். சிவப்பை ரிலேயின் 86 என்ற முனையில், அதாவது சுவிட்சிலிருந்து ரிலேக்குள் இருக்கிற கொயிலுக்கு (காந்தமாகும் கம்பிச் சுருளுக்கு) போகிற வயரில் கொடுத்தேன். பச்சையை 87இல், லைட்டுக்குப் போகிற வயரில். இரண்டும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள்: சுவிட்ச் கேட்டது, ரிலே கொடுத்தது. சிவப்பு மட்டும் என்றால் கேட்டும் கிடைக்கவில்லை. பச்சை மட்டும் என்றால் கேட்காமலே போய்க்கொண்டிருக்கிறது. நீலத்தை பார்க் லைட் வயரில் போட்டேன், இருட்டில் சுவிட்ச் எங்கே என்று தடவாமல் இருக்க.

எல்ஈடிக்குப் போகிற கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் விஷயத்தில்தான் நிறையத் தடுமாறினேன். 12 வோல்ட் என்று கணக்குப் போடக்கூடாது, எஞ்சின் ஓடும்போது 14.4 வரை வரும். சிவப்பு எடுப்பது ஏறக்குறைய 2 வோல்ட், பச்சையும் நீலமும் 3க்குக் கொஞ்சம் மேலே. நான் முதலில் கையில் கிடைத்த 470 ஓமைப் போட்டேன். சிவப்பில் 26 மில்லி அம்பியர் ஓடியிருக்கிறது, அந்த எல்ஈடி தாங்குவது 20. அதைவிடப் பெரிய தொல்லை வெளிச்சம். முன் கண்ணாடியில் சிவப்புப் பொட்டு ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. 1.2 கிலோ ஓமுக்கு மாற்றிய பிறகு அடங்கியது. பச்சைக்கும் அதையே போட்டால் மஞ்சள் வரவே வராது. நம் கண்ணுக்குப் பச்சை அதிகம் தெரியும் என்பதால் சிவப்பை அது விழுங்கிவிடும். 4.7 கிலோ ஓமில்தான் சரியான மஞ்சள் கிடைத்தது. நீலத்துக்கு 22 கிலோ ஓம். அப்படியும் இரவில் மஞ்சள் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், சிவப்பு ரோசாப் பக்கம் போகும். பழகிவிட்டது. ரெசிஸ்டர் கால் வோட் வகையாக இருக்கட்டும், அதைவிடச் சின்னது சூடேறும்.

மூன்றாம் மாதம் சிவப்பு மங்கி, பிறகு செத்தது. புதிதாக ஒன்று போட்டேன், அதுவும் அதே மாதிரி. எல்ஈடி மட்டம் என்று திட்டிக்கொண்டு, காத்தான்குடியில் வயரிங் செய்கிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போனேன். ரிலேயைத் திருப்பிப் பார்த்தவர், "கொயிலுக்கு டயோட் போட்ட நீங்களா தம்பி?" என்றார். டயோட் என்பது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சாமான், நான் அதைப் போடவில்லை. சுவிட்சை நிற்பாட்டும் கணத்தில் கொயில் ஒரு எதிர் உதை உதைக்கும். 86ஆம் முனையில் அது பெரிய மைனஸ் வோல்டாக வரும். எல்ஈடி பின்பக்கமாகத் தாங்குவது வெறும் 5 வோல்ட். ஒவ்வொரு முறை நிற்பாட்டும்போதும் நானே அதற்கு ஒரு அடி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொயிலின் இரண்டு முனைகளான 85க்கும் 86க்கும் குறுக்கே ஒரு 4007 டயோட், வெள்ளைக் கோடு 86 பக்கம். காக்கா காசு வாங்கவில்லை, "மறுகா வாங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்று அனுப்பிவிட்டார். அன்று போட்ட எல்ஈடிதான் இன்றைக்கும் எரிகிறது.

அடுத்தது உப்பு. வீடு கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே. ஒரு வருஷம் கடந்ததும் குழியில் விழுந்தால் லைட் சிமிட்ட ஆரம்பித்தது. மைனஸை டாஷ்போர்டுக்குக் கீழே கிடைத்த ஏதோ ஒரு ஆணியில் பிடித்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. வயரைக் கடித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குள்ளும் அதே கதை. எல்லாவற்றையும் பிடுங்கி, ஈயம் வைத்து, சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு, மைனஸை கம்பெனி கொடுத்த ஏர்த் போல்டிலேயே வளையம் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசினேன். உள்ளே கை விடும் முன் பற்றரி மைனஸைக் கழற்றி 90 செக்கன் பொறுங்கள். மஞ்சள் சொக்கட் ஏர்பேக்கினுடையது, அதைத் தொடவே வேண்டாம்.

இத்தனை மெனக்கெட்டதற்குப் பலன் உண்டா? இரண்டு தடவை. ஒருமுறை வெலிக்கந்தைக்குக் கிட்ட மஞ்சள் சட்டென்று ரோசாவானது. நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டர் பட்டையில் வயர் உரசித் தோல் போய், பியூஸ் எரிந்திருந்தது. டேப் சுற்றி வேறு பியூஸ் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனோம். மற்றது, கொழும்பிலிருந்து காலையில் வந்து சேர்ந்த நாள். நல்ல வெயில் ஏறிவிட்டது, எனக்கோ தூக்கம். எல்லாம் நிற்பாட்டிச் சாவியை எடுத்த பிறகும் பச்சை எரிந்தது. ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினேன், விட்டது. 9 அம்பியர் இழுக்கிற லைட், பார்க்காமல் படுத்திருந்தால் மத்தியானத்துக்குள் பற்றரி படுத்திருக்கும். அன்றே ரிலேயை மாற்றினேன்.

ஆனால் இதுவும் முழுதாக நம்பக்கூடியதில்லை. 87இல் கரண்ட் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, பல்ப் எரிகிறது என்று சொல்லாது. போன மாதம் மருமகன் முன்னால் நின்றுகொண்டு, "மாமா, உங்கட கார் ஒற்றைக் கண்ணால பாக்குது" என்கிறான். இடது பல்ப் போய் எத்தனை நாளோ. உள்ளே லைட் அழகாக மஞ்சள் காட்டிக்கொண்டிருந்தது. புதுப் பல்ப் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பூட்டவில்லை.