நியூரோன் ஸ்பைக்கர்பொக்ஸ்: வன்னி ஆய்வுகூடத்துக்கு வாங்கலாமா?

நரம்புக் கணத்தாக்கத்தை, அதாவது நரம்பு வழியே ஓடும் சிறு மின்துடிப்பை, வளைகோடாகப் படம் கீறி மனனம் செய்த பிள்ளைக்கு, அதே கணத்தாக்கத்தைக் காதால் கேட்க வைக்கிற சின்னப் பெட்டி இது. தயாரிப்பது பக்யார்ட் பிரெயின்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். கிரெக் கேஜ், டிம் மார்சுல்லோ என்ற இருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வு செய்த காலத்தில் முளைத்த யோசனை. 2012இல் பிளொஸ் வன் ஆய்விதழில் சுற்று வரைபடத்தோடு வெளியிட்டு, விரும்பினவர் எவரும் கட்டிக்கொள்ளலாம் என்று திறந்தும் விட்டார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகம், வவுனியா பம்பைமடு வளாகம், உயர்தர உயிரியல் வகுப்பு உள்ள பாடசாலை, எதுவானாலும் வாங்கலாம் என்பதே எங்கள் முடிவு. ஒரு நிபந்தனை உண்டு. பெட்டி அரைவாசி வேலைதான் செய்யும். மற்ற அரைவாசி ஐஸ், ஊசி, தண்ணீர், மின்சாரம் ஆகிய நான்கிலும் கிடக்கிறது. அந்த நான்கையும் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் இது அலுமாரிக்குள்தான் போய்ச் சேரும்.

உள்ளே இருப்பது ஒரு விரியலாக்கி, சிறு மின்சமிக்ஞையைப் பெரிதாக்கும் சுற்று. கரப்பொத்தான் காலில் குத்திய இரண்டு குண்டூசிகளுக்கிடையே வரும் சில பத்து மைக்ரோவோல்ற் அழுத்த வேறுபாட்டை ஏறத்தாழ 880 மடங்காக்கி, 300 முதல் 1300 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களை மட்டும் வடித்து, ஒலிபெருக்கிக்கும் போனுக்கும் அனுப்புகிறது. இந்த வடிப்பு எல்லையை வாங்க முன் வாசியுங்கள். மூளை அலை பார்க்கலாம் என்று நினைத்து இதை எடுப்பவர்கள் உண்டு. மூளை அலை 0.5 முதல் 40 ஹேர்ட்ஸுக்குள் நடக்கிற சங்கதி. இந்தப் பெட்டி அதை வாசலிலேயே தடுத்துவிடும். அதற்கும் தசைக்கும் அதே நிறுவனம் வேறு பெட்டிகள் விற்கிறது. ஓய்வு அழுத்தமான மறை 70 மில்லிவோல்ற்றையும் இதில் அளக்க முடியாது. ஊசி நிற்பது கலத்துக்கு வெளியே.

காலைத் தயார்ப்படுத்துவது இப்படி. வீட்டுக் குசினியில் ஓடுகிற பெரிய செம்மண்ணிறக் கரப்பொத்தானே போதும், இனம் தேடி அலைய வேண்டாம். ஐஸ் தண்ணீரில் அசைவு நிற்கும்வரை விடுங்கள், பொதுவாக 2 முதல் 5 நிமிடம். மீனுக்குப் போடும் ஐஸ் தாராளமாகச் சரிவரும். ஆனால் உப்பும் மீன் தண்ணீரும் படாமல் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பின் நடுக்காலையோ பின்னங்காலையோ, உடலோடு ஒட்டும் அகலமான துண்டான கொக்சாவுடன் சேர்த்து, கூரான கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக எடுக்க வேண்டும். வெட்டுமுகத்தில் துளி வசிலின் பூசுங்கள். காலைத் தக்கையில் கிடத்தி, ஒரு ஊசியைக் கொக்சாவிலும் மற்றதை அடுத்த நீளத் துண்டான தொடையிலும் செங்குத்தாகக் குத்தித் தக்கைவரை இறக்குங்கள்.

பெட்டியைப் போட்டதும் சத்தம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். குளிர்ந்த நரம்பு சுடாது, அதாவது கணத்தாக்கம் அனுப்பாது. இரண்டு மூன்று நிமிடத்தில் கால் அறை வெப்பத்துக்கு வந்ததும், சுடுசட்டியில் எள்ளு வெடிக்கிற மாதிரி ஒரு பொரிதல் தொடங்கும். இப்போது பூதக்கண்ணாடியில் காலைப் பாருங்கள். கணைக்காலில் வரிசையாக முட்கள், ஒவ்வொரு முள்ளின் அடியிலும் மென்மையான ஒரு மூட்டு. ஒரு முள்ளை மட்டும் அடிப்பக்கமாகச் சாய்த்தால் பொரிதல் சட்டென்று கூடும். சாய்த்தபடியே பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 1926இல் நரம்பு ஆய்வாளர்களான ஏட்ரியனும் சொட்டர்மனும் புலன் நரம்பில் பதிவுசெய்தது இதே சங்கதியைத்தான்: தூண்டும் விசை கூடினால் கணத்தாக்கத்தின் பருமன் கூடாது, மீடிறன் கூடும், தூண்டல் மாறாமல் நின்றால் மீடிறன் சரியும். அந்தப் பணிக்கு ஏட்ரியன் 1932இல் நொபெல் பரிசைப் பகிர்ந்தார். பெட்டியின் விலை இந்த ஒரு பரிசோதனையிலேயே கழிந்துவிடுகிறது.

கால் காய்வதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய தொல்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் யன்னலைத் திறந்து, மேலே விசிறியையும் போட்டால் அரை மணித்தியாலத்தில் பொரிதல் அடங்கிவிடும். தண்ணீர் விட்டால் சரி என்று கிணற்றுத் தண்ணீரைத் தெளிப்பது அடுத்த பிழை. பூச்சியின் உடற்திரவத்தோடு பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் மிக ஐது, நரம்புக்கு அது ஒத்து வராது. வடித்த நீரில் பூச்சி உப்புக்கரைசல் செய்யுங்கள். ஒரு லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 12.3 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.23 கிராம், நீரேறிய கல்சியம் குளோரைட்டு 0.74 கிராம், பிஎச்சை நிலையாக வைத்திருக்கும் தாங்கலான ஹெப்பெஸ் 2.4 கிராம். பிஎச் 7.2க்குச் சோடியம் ஐதரொட்சைட்டால் கொண்டுவாருங்கள். கல்சியத்தைக் கடைசியாகப் போடுங்கள். ஹெப்பெஸுக்குப் பதில் பொசுபேற்றுத் தாங்கல் போட்டால் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாக மண்டி விழும். ஆஸ்பத்திரிச் சேலைன் 0.9 வீதம்தான், பூச்சியின் உடற்திரவத்துக்கு அது ஐது. ஒரு பாட நேரம் ஓட்டலாம், ஆய்வுக்கு ஆகாது.

அந்தக் கரைசலும் வெட்டுமுகத்துக்கு ஒரு துளி மட்டும். காலின் மேலே ஈரம் படர்ந்து இரண்டு ஊசிகளையும் தொட்டால் மின்னோட்டம் அந்த ஈரத்தால் குறுக்கே போய்விடும், சமிக்ஞை மெலியும். கால் உயிரோடு இருக்கிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் முதலில் வடிதாளை எடுத்து ஒற்றுங்கள்.

இனி இரைச்சல். இந்தப் பெட்டியைப் பற்றிய முறைப்பாடுகளில் பெரும்பங்கு இதுதான், பெட்டியின் குற்றம் அதில் சொற்பம். ஊசிக்கு வருகிற நீண்ட வயர் கவசமில்லாதது, ஆகவே அறையில் உள்ள மின்சாரம் எல்லாவற்றையும் அன்ரெனா போலப் பிடிக்கும். பார்க்க வேண்டிய ஒழுங்கு மாறக்கூடாது. முதலில் இரண்டு ஊசி முனைகளையும் ஒன்றோடொன்று தொடவையுங்கள். இரைச்சல் நின்றால் விரியலாக்கி நல்லாக இருக்கிறது, வெளியிலிருந்துதான் வருகிறது. நிற்காவிட்டால் பற்றரி, செருகி, சோல்டர் மூட்டு என்று உள்ளே பாருங்கள். வெளியிலிருந்து வருவதாகத் தெரிந்தால் திரையில் நேரத்தை அளவிடுங்கள். கூர்கள் சரியாக 10 அல்லது 20 மில்லிசெக்கன் இடைவெளியில் விழுகின்றனவா? அது நரம்பு அல்ல, 50 ஹேர்ட்ஸ் கரண்ட். லெப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள், ரியூப் லைற்றை நிறுத்துங்கள், போனை விமானநிலையில் போடுங்கள். சோலார் இன்வேர்ட்டருக்குப் பக்கத்து அறையில் இதை வைக்கவே வேண்டாம். கரண்ட் போன நேரம்தான் திறமான பதிவு கிடைக்கும் என்று ஆய்வுகூட உதவியாளர்கள் பகிடியாகச் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஜெனரேற்றர் போட்ட அடுத்த நொடியே அது போய்விடும்.

நிரந்தர வைத்தியம் பெரிய பிஸ்கட் தகர ரின். வயர் போக ஓட்டை, பார்க்க மூடியில் ஒரு வட்டத் துவாரம், அதற்கு மெல்லிய கம்பிவலை. ரின்னின் உட்புறம் பெயின்ற் சுரண்டிய இடத்தில் முதலைக் கிளிப் ஒன்றைக் கடிக்கவிட்டு, பெட்டியின் உள்ளீட்டுச் செருகியின் வெளிவளையத்தோடு இணையுங்கள். சுவர்ச் சொக்கற்றின் ஏர்த்தோடு இணைக்காதீர்கள். பழைய கட்டடங்களில் அந்த ஏர்த் எங்கே போய் முடிகிறது என்று ஒருவருக்கும் தெரியாது, இரைச்சலும் கூடலாம், ஆபத்தும் உண்டு.

போனோடு இணைப்பது எளிதென்று விளம்பரம் சொல்லும். 3.5 மில்லிமீற்றர் துளை உள்ள போனுக்குத்தான் அது பொருந்தும். செருகியில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு வளையமுள்ள சாதாரண ஓடியோ வயர் போனின் மைக்குக்குச் சமிக்ஞையைக் கொண்டுபோகாது. துளையே இல்லாத போன் என்றால் யூஎஸ்பி உள்ள புரோ வகையை எடுங்கள், கூடுதல் காசு வீண்போகாது. ஸ்பைக் ரெக்கோடர் மென்பொருள் இலவசம், கணினியிலும் போனிலும் ஓடும், பதிவை வேவ் கோப்பாகச் சேமிக்கும். பதியும்போது விசைப்பலகையில் 1, 2, 3 என்று அழுத்தினால் அந்த நேரங்கள் தனிக் கோப்பில் விழும். தூண்டல் கொடுத்த கணத்தைக் கொப்பியில் குறித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அறை வெப்பநிலையை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். 26 பாகையில் எடுத்த காலையும் 34 பாகையில் எடுத்த காலையும் ஒப்பிட்டு ஒரு முடிவும் சொல்ல முடியாது.

எந்த உயரத்துக்கு மேல் எழும் கூரைக் கணத்தாக்கம் என்று எண்ணுவது என்ற வாசல் மட்டத்தைக் கண்ணால் வைப்பது பாடசாலைக்குச் சரி. ஆய்வுக்கு ஒரு விதி வேண்டும். சமிக்ஞையின் தனிப்பெறுமானங்களின் இடையத்தை 0.6745ஆல் வகுத்தால் இரைச்சலின் நியமவிலகல் வரும், அதன் 4 மடங்கை வாசலாக வையுங்கள். சாதாரண நியமவிலகலை எடுத்தால் அதிகம் சுடுகிற காலில் சுடுதலே இரைச்சலாகக் கணக்கில் ஏறி, வாசல் உயர்ந்துவிடும். பிறகு இரண்டு கணத்தாக்கங்களுக்கு இடையிலான நேரங்களை வரைந்து பாருங்கள். ஒரு மில்லிசெக்கனுக்குக் குறைந்தவை நிறைய இருந்தால் நீங்கள் பார்ப்பது ஒரு நரம்புக்கலத்தை அல்ல, பலதை. இந்தப் பெட்டியில் அநேகமாகப் பலதுதான். ஒரு காலை இருபது தரம் தொட்டுவிட்டு மாதிரி எண்ணிக்கை இருபது என்று எழுதுகிற பழக்கத்தையும் இங்கேயே வெட்டிவிட வேண்டும். எண்ணிக்கை என்பது கரப்பொத்தான்களின் எண்ணிக்கை.

தூண்டல் கொடுக்கப் பெட்டியோடு ஒன்றும் வராது. பல்லுக்குத்தும் குச்சியால் தொட்டால் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விசை கொடுக்கும். முல்லைத்தீவுப் பக்கம் எந்த வலைக்கடையிலும் கிடைக்கும் தங்கூசி என்ற நைலோன் மீன்பிடி இழை இதற்குக் கெட்டிக்காரச் சாமான். 0.2 மில்லிமீற்றர் தங்கூசியைக் குச்சி நுனியில் 3 சென்ரிமீற்றர் நீட்டி ஒட்டி, 0.01 கிராம் தராசில் செங்குத்தாக அழுத்துங்கள். வளையத் தொடங்கும்போது தராசு காட்டுவதே அதன் விசை. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் விசை பெரிதாகக் கூடாது. நீளத்தைப் பாதியாக்கினால் விசை நான்கு மடங்கு. இப்படி நாலைந்து குச்சி செய்தால் அளந்த தூண்டல் வரிசை கையில். நைலோன் ஈரம் குடித்தால் தளரும், ஆகவே மாரியில் மறுபடி தராசில் வையுங்கள்.

நுளம்புத்திரி பற்றிப் பெட்டியின் கையேடு ஒன்றும் சொல்லாது. திரியிலும் கரப்பொத்தான் மருந்திலும் வழமையாக இருப்பது பைரித்திரொயிட்டு வகை நஞ்சு. நரம்பின் சோடியம் கால்வாயை மூடவிடாமல் பிடித்துவைத்து, ஒரு தூண்டலுக்குத் தொடராகப் பல தரம் சுடவைக்கும். திரி கொளுத்திய அறையில் வைத்திருந்த பூச்சியும் மருந்தடித்த குசினியில் பிடித்த பூச்சியும் அடிப்படைப் பதிவுக்கு உதவா. மூடியில் ஓட்டை போட்ட வாளியில், விளிம்பில் வசிலின் பூசி, மருந்து படாமல் ஒரு கிழமை வைத்திருந்து எடுங்கள்.

ஊசிதான் முதலில் பழுதாகும். வயர் சோல்டர் மூட்டில் முறியும், இல்லையேல் முனை கறுக்கும். மெல்லிய மண்கடதாசியால் தேய்த்தால் கறுப்பு போகும். புது ஊசி செய்வதானால் பித்தளைக் குண்டூசி தேடுங்கள். துருப்பிடிக்காத உருக்கில் சாதாரண ஈயம் ஒட்டாது. கூடவே உதிரி ஊசி இரண்டு சோடி ஓடர் பண்ணிவிடுங்கள். பெட்டியின் விலை நூறு டொலருக்கு மேல், அஞ்சலும் சுங்கமும் தனி, ஆகவே ஊசிக்காக இன்னொரு தரம் வரவழைப்பது கட்டாது. 9 வோல்ற் பற்றரி கிளிநொச்சிக் கடைகளிலேயே கிடைக்கும், அல்கலைன் எடுங்கள். விடுமுறைக்கு முன் கழற்றி வைக்காவிட்டால் கசிந்து தொடுகையை அரித்துவிடும்.

ஒன்றை வாங்கி, அதைப் பார்த்து நாலு கட்டுவதே ஒரு வகுப்புக்குச் சிக்கனம். ஒலிக்கான எல்எம்386 சில்லைக் கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் வாங்கலாம். பெருக்கத்தின் முதற்படிக்குரிய ஏடி623 சில்லு கிடைக்காவிட்டால் ஏடி620 போடலாம், ஆனால் தடையியை மாற்ற வேண்டும். முதற்படிப் பெருக்கம் ஏறத்தாழ 4 வர ஏடி623க்கு 33 கிலோஓம், ஏடி620க்கு 16 கிலோஓம். 33ஐயே விட்டால் பெருக்கம் 2.5தான். முதற்படியிலேயே நூறு மடங்காக்கினால் என்ன என்று மாணவர் கட்டாயம் கேட்பார்கள். உலோக ஊசியும் ஈரமும் சேரும் இடத்தில் சில நூறு மில்லிவோல்ற் வரை மாறாத (டிசி) அழுத்தம் நிற்கக்கூடும். அதை நூறு மடங்காக்கினால் விரியலாக்கி உச்சத்தில் முட்டி நின்றுவிடும், நரம்புக்கு இடமே இராது. நாலு மடங்கோடு நிறுத்தி, வடித்த பிறகு மிச்சத்தைக் கூட்டுவது அதனால்தான். கட்டி முடித்த ஒவ்வொன்றையும் வாங்கிய பெட்டியோடு பக்கத்தில் வைத்து, அதே காலில் அதே தங்கூசியால் தொட்டு, எண்ணிக்கை ஒத்து வருகிறதா என்று பார்த்த பிறகே வகுப்புக்குக் கொடுங்கள்.