பேச்சு முட்டி நின்னா: மீடியேஷனா, ஆர்பிட்ரேஷனா?

ரெண்டு தரப்பும் பேசிப் பேசி ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிக்கறப்போ மூணாவது ஆள் வேணும்னு தோணும், ஆனா அவர்கிட்ட தீர்ப்பு கேக்கறதா (ஆர்பிட்ரேஷன்) இல்ல நம்மள பேச வைக்கச் சொல்றதா (மீடியேஷன்)ன்னுதான் பலருக்கும் குழப்பம்.

முடிவு யார் கையில?
மீடியேஷன்: உங்க ரெண்டு பேர் கையில. ஒத்துவரலன்னா எந்திரிச்சு வந்துடலாம்.
ஆர்பிட்ரேஷன்: அந்த மூணாவது ஆள் சொல்றதுதான் முடிவு. அப்பீலுக்கு வழி ரொம்ப கம்மி.

நேரம், செலவு?
மீடியேஷன்: பெரும்பாலும் சில அமர்வுலயே தெரிஞ்சிடும்.
ஆர்பிட்ரேஷன்: சாட்சி, ஆவணம், வக்கீல்னு இழுக்கும்.

மனசுல இருக்கறத சொல்ல முடியுமா?
ஆர்பிட்ரேஷன்: கஷ்டம், தீர்ப்பு சொல்றவர்கிட்ட யாரு விட்டுக்கொடுப்பா!
மீடியேஷன்: மீடியேட்டர் தனித்தனியா உக்காந்து பேசுவாரு, "கடைசியா இவ்வளவுக்கு இறங்குவேன்"னு எதிராளிகிட்ட சொல்லாத கணக்க இவர்கிட்ட சொல்லலாம், உங்க சம்மதம் இல்லாம அது அந்தப் பக்கம் போகக்கூடாது. என்னக் கேட்டா முட்டுக்கட்டை உடையறதே இங்கதான். 1978 கேம்ப் டேவிட் சமாதானப் பேச்சுல எகிப்து அதிபர் சாதத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் நேர்ல உக்காந்தா வாக்குவாதம்தான் வந்துச்சு, அதனால நடுவுல இருந்த அமெரிக்க அதிபர் கார்ட்டர் தரப்பு ஒரே வரைவ ரெண்டு பக்கமும் கொண்டுபோய் திருத்தித் திருத்தி 13 நாள்ல கையெழுத்து வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க.

வந்த முடிவு வெளிநாட்டுல செல்லுமா?
ஆர்பிட்ரேஷன்: 1958 நியூயார்க் உடன்படிக்கை இருக்கு, பெரும்பாலான நாடுகள்ல செல்லும்.
மீடியேஷன்: 2020ல அமலுக்கு வந்த சிங்கப்பூர் உடன்படிக்கை இருக்கு, சேர்ந்த நாடுகள் இன்னும் கம்மி.

நாளைக்கும் எதிராளியோட சேர்ந்து தொழில் பண்ணணும்னா மீடியேஷன். எதிராளி வேணும்னே இழுத்தடிக்கறாரு, இல்ல ஒப்பந்தத்துல ஒரு வரிக்கு என்ன அர்த்தம்ங்கறதுதான் சண்டைன்னா ஆர்பிட்ரேஷனுக்கே போயிடுங்க.