ஸ்டெபிலைசரா, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரா, ஆன்லைன் யூபிஎஸ்ஸா? வீட்டு ஆடியோவுக்கு எது உதவும்

கடைக்குப் போகும் முன் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, பவர் கேபிள் நுழையும் இடத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால் உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ் (லேப்டாப் சார்ஜரில் இருப்பது போன்ற பவர் சப்ளை). வீட்டு லைனில் 180 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே போகும் அழுத்தத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். இப்போது வரும் பல ஆக்டிவ் ஸ்பீக்கர்களும் கிளாஸ்-டி ஆம்ப்களும் இந்த வகைதான். அவற்றுக்கு ஸ்டெபிலைசர் வீண் செலவு. 230 வோல்ட் என்று மட்டும் போட்டு, தூக்கினால் கை இறங்கும் கனத்தில் இருந்தால் உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. வோல்டேஜைப் பற்றி யோசிக்க வேண்டியது அங்கேதான்.

முதலில் ஸ்டெபிலைசர். சாயங்காலம் தெரு முழுக்க ஏசி ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் 190-க்கு இறங்கி சவுண்டு செத்துவிடுகிறது என்பார்கள். கணக்குப் போட்டால் இழப்பு சின்னது. இந்த வகை ஆம்பில் உள் மின்னழுத்தம் வீட்டு வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்கும். வாட் அதன் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 230-ல் 50 வாட் தரும் ஆம்ப் 190-ல் சுமார் 34 வாட் தரும். காதுக்கு அது 2 டெசிபல்கூட இல்லை. அதுவும் வால்யூமை உச்சத்துக்குத் திருப்புகிறவர்களுக்குத்தான் தெரியும்.

பயப்பட வேண்டியது நள்ளிரவுக்கு. ஊர் தூங்கி லோடு குறைந்ததும் வோல்டேஜ் மேலே ஏறும். 50 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரில் 45 வோல்ட் ஓடும்படி செய்த ஆம்ப், 260-ல் 51-ஐத் தொடுகிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் இன்னும் மோசம். ஒரு ஃபேஸில் 400-ஐ நெருங்கலாம். ஆகவே எந்த ஸ்டெபிலைசர் வாங்கினாலும் ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் இருக்கிறதா என்றுதான் முதலில் கேளுங்கள்.

ஸ்டெபிலைசரில் ரிலே என்னும் தானியங்கி சுவிட்சால் வேலை செய்யும் வகை விலை குறைவு. ஆனால் வோல்டேஜைப் படிப்படியாகத்தான் மாற்றும். ரிலே மாறும் ஒவ்வொரு முறையும் அந்த 'டிக்' ஸ்பீக்கரில் கேட்க வாய்ப்புண்டு. அமைதியான வீணை ஆலாபனையின் நடுவே அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. சர்வோ வகையில் சின்ன மோட்டார் ஒன்று கார்பன் பிரஷ்ஷை நகர்த்தி வோல்டேஜைத் துளித்துளியாகச் சரிசெய்கிறது. நல்ல சர்வோ ஒரு சதவீதத்துக்குள் நிறுத்தும். பிரஷ் தேயும், பராமரிப்பு வேண்டும், கண நேரத்தில் வந்து போகும் ஸ்பைக்கை அதால் பிடிக்க முடியாது. இருந்தாலும் ஆடியோவுக்கு இரண்டில் ஒன்று என்றால் நான் தயங்காமல் சர்வோவைத்தான் சொல்வேன்.

கரண்ட் போனால் ஓடும் வீட்டு இன்வர்ட்டரையும் இங்கே பேசியாக வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஆம்ப் 'ர்ர்ர்' என்று இரைவதற்குக் காரணம், சதுர அலையில் 150, 250 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகள் ஏராளமாக இருப்பதுதான். இன்னொன்றும் உண்டு. 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325 வோல்ட். ஆம்பில் உள்ள கெபாசிட்டர்கள் அந்த உச்சியை வைத்துத்தான் நிரம்புகின்றன. அதே 230 சதுர அலையாக வந்தால் உச்சியும் 230-தான். மீட்டர் சரியாகக் காட்டும், ஆம்ப் மட்டும் பட்டினி கிடக்கும். சைன் வேவ் இன்வர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இனி ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் 'ம்ம்' என்ற இரைச்சல். இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் அது கிரவுண்ட் லூப்: கேபிள்காரரின் வயர் வழியாக ஒரு எர்த், ஆம்ப் பிளக் வழியாக இன்னொரு எர்த். டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிளில் சவுண்டைக் கொண்டுபோனால் முடிந்தது. ஒளிக்கு எர்த் கிடையாது. கம்ப்யூட்டரும் ஆம்பும் தனித்தனிச் சுவர்களில் இருந்தால் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும்தான். ஆனால் உள்ளே ஒரு வயர் உரசினால் ஆம்பின் உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும்.

பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. சில இடங்களில் நியூட்ரலையே எர்த் பின்னோடு இணைத்திருப்பார்கள். அது உயிருக்கே ஆபத்து. எலெக்ட்ரீஷியனை மீட்டரோடு வரச்சொல்லி ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் இருக்கலாம். லோடு ஓடும்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் சாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுவதுகூட உதவும். இந்த வேலைக்கு ஆகும் செலவு நல்ல ஸ்டெபிலைசர் விலையில் ஒரு பங்குதான். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

எர்த் சரியாகி, லூப்பும் இல்லை, இன்னும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் என்றால் மின்விசிறி ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள். உருட்டித் திருப்பும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டருக்குள் டிரயாக் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது. அது ஒவ்வொரு அலையையும் வெட்டி வெட்டி விடுகிறது. படிப்படியாக 'டக் டக்' என்று திரும்பும் கெபாசிட்டர் வகைக்கு மாறினால் அந்தச் சத்தம் வேரோடு போய்விடும், சில நூறு ரூபாயில்.

இதற்கும் அடங்காதபோதுதான் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு லைனுக்கும் ஆடியோவுக்கும் நடுவே கம்பித் தொடர்பையே அறுத்துவிடும். நடுவே ஷீல்டு வைத்துச் சுற்றியதைக் கேட்டு வாங்கினால் லைனில் வரும் இரைச்சல் நன்றாகவே குறையும். வோல்டேஜை அது சரிசெய்யாது. 190 உள்ளே போனால் 190-தான் வெளியே வரும். பொருத்துவதை எலெக்ட்ரீஷியனிடமே விடுங்கள். மெயின் போர்டில் உள்ள ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி வராது.

ஆன்லைன் யூபிஎஸ் எல்லாவற்றையும் செய்யும்: ஏசியை டிசியாக்கி மறுபடி புது சைன் அலையாகத் தரும். ஆனால் அதன் ஃபேன் விடாமல் ஓடும், சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், பெரிய பவர் ஆம்பை ஆன் செய்யும் முதல் இழுப்பில் சிறிய யூபிஎஸ் திணறிவிடும். பிரீஆம்ப், டேக் (டிஜிட்டல் சவுண்டை அனலாக்காக மாற்றும் கருவி), டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) போன்ற குறைந்த லோடுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். தோரன்ஸ் டிடி 160 போல சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள டர்ன்டேபிளின் வேகத்தை வோல்டேஜ் தீர்மானிப்பதில்லை, ஹெர்ட்ஸ்தான். நம் கிரிட்டுக்கு வகுத்திருக்கும் வரம்பே 49.9 முதல் 50.05 ஹெர்ட்ஸ், அதனால் கரண்ட் இருக்கும்போது சுருதி பிசகாது. ஃபிளாட்டின் ஜெனரேட்டரில், லிஃப்ட் கிளம்பும் நேரத்தில் அந்த உறுதி கிடையாது. யூபிஎஸ்ஸின் அருமை அங்கே தெரியும்.

விலையுயர்ந்த பவர் கேபிளைப் பற்றி ஒரு வரி போதும்: மேலே சொன்ன எந்தக் குறையையும் அது தீர்ப்பதில்லை. சர்வோ, ஐசொலேஷன் எதை வாங்கினாலும் டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அவற்றின் காந்தப்புலத்தையே அது ஹம்மாக எடுத்துக்கொள்ளும்.