மாடியில் மூன்று சீசன் ஸ்ட்ராபெர்ரி: எல்லாத் தகராறும் அந்தக் கறுப்புத் தொட்டியோடுதான்

கீழ் வீட்டுப் பெண் போன வாரம் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். மண் இல்லாமல், உரம் கலந்த தண்ணீரைக் குழாயில் ஓட்டிச் செடி வளர்க்கிற 36 துளை ஹைட்ரோபோனிக் செட். 2022 ஆகஸ்டில் நான் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே மாடல், இப்போது 6,800. “அக்கா, வாங்கலாமுங்களா?” என்றாள். அன்று காலையில்தான் என் செட்டின் மோட்டார் நின்று, இரண்டு வரிசைச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. அந்த நேரத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் நியாயமாக இருந்திருக்காது. ரெண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். மோட்டார் இப்போது சரியாகிவிட்டது. கோபம் பாதிதான் இறங்கியிருக்கிறது.

செட்டில் வருபவை இவை: துளை போட்ட பிவிசி குழாய்கள், துளையில் செடியை நிறுத்த நெட் பாட் என்கிற சல்லடைக் கப்புகள், அதில் நிரப்பக் கிளே பால் என்கிற சுட்ட களிமண் உருண்டைகள், கரைசலுக்கு 40 லிட்டர் கறுப்புத் தொட்டி, அதற்குள் மூழ்கிக் கிடந்து தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிற மோட்டார். பிவிசி குழாய்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு கோடையைப் பார்த்தும் வெடிக்கவில்லை, மூட்டுகள் ஒழுகவில்லை. தண்ணீர் விஷயத்திலும் கோவையின் மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொடுப்பினை உண்டு. ஸ்ட்ராபெர்ரி உப்புத் தாங்காத செடி. உரம் கலந்த பிறகும் கரைசலின் ஈசி, அதாவது கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு, 1.2 பக்கம்தான் நிற்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உரம் போடாமலேயே 1.6 காட்டுகிறது. சிறுவாணித் தண்ணீர் 0.1-ஐக் கூடத் தொடுவதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஆர்ஓ வைத்துச் செய்கிற வேலையை எங்களுக்கு மலையே செய்து தருகிறது. சுண்ணாம்புச் சத்தும் குறைவு என்பதால் கால்சியம் நைட்ரேட்டைக் கணக்காகப் போட வேண்டும், இல்லாவிட்டால் குருத்திலையின் நுனி கருகும். பிஎச்சும் சட்டென்று ஏறிவிடும். வாரம் இரண்டு தடவை பார்த்து 6-க்குக் கீழே இறக்குகிறேன். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது தொட்டியின் சூடு.

முதல் சீசனில் மகாபலேஷ்வரிலிருந்து விண்டர் டான் ரகத்தில் 36 நாற்றுகள் கூரியரில் வந்தன. ஏழு செடி என் தப்பால் போயின. குருத்து கிளே பாலுக்கு மேலே நிற்க வேண்டும் என்று தெரியாமல் அமுக்கி வைத்துவிட்டேன், அழுகிவிட்டன. மீதி 29-உம் டிசம்பரில் பூத்தன, ஜனவரியில் பழுத்தன. பிப்ரவரி கடைசியில், குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதியம் இலைகள் துவண்டன. சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் ஊற்றினேன். அதுவும் தப்பு. நெட் பாட்டைத் தூக்கிப் பார்த்தபோது வெள்ளை வேர்கள் டீத்தூள் நிறத்தில் இருந்தன, சாக்கடை வாடை அடித்தது. மீன் தொட்டித் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டேன். 31 டிகிரி. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கும், 30-இல் ஏழரைதான். வேருக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். அப்படித் திணறுகிற வேரில்தான் பித்தியம் என்கிற பூஞ்சை மாதிரிக் கிருமியின் அழுகல் ஏறும். மார்ச் நடுவில் எல்லாச் செடியும் உரக்குழிக்குப் போனது.

அடுத்த சீசன் முழுக்கச் சூட்டோடுதான் மல்லுக்கட்டினேன். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் தொட்டியில் இறக்கினால் இரண்டரை டிகிரி குறையும். இரண்டே மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். ஃப்ரீசரில் மாவு டப்பாவுக்கு இடமில்லை என்று வீட்டில் சண்டை வந்ததுதான் மிச்சம். உண்மையில் கை கொடுத்தவை இரண்டு. தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். அப்புறம் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டி, காலையிலும் மதியமும் நனைத்தேன். பிப்ரவரியின் வறண்ட காற்றில் மண்பானை எப்படிக் குளிருமோ அப்படியே வேலை செய்தது. 27-க்கு மேல் ஏறவில்லை, செடிகள் மார்ச் கடைசி வரை காய்த்தன. அதற்குப் பிறகு சூட்டில் பூ நின்று கொடி விடத் தொடங்குவது இந்த ரகத்தின் இயல்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தொட்டி ஏன் கறுப்பு என்றும் எனக்குத் தெரியும். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். சரி, உள்ளே கறுப்பாக இருக்கட்டும், வெளியே வெள்ளையாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? மொட்டை மாடியில் வைக்கத்தான் இந்த ஊரில் விற்கிறார்கள். பெட்டியோடு வந்த கையேட்டில் உரம் கலப்பதற்கு நாலு பக்கம் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடாகலாம் என்று ஒரு வரி இல்லை. மூன்று சீசன் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

போன வார மோட்டார் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. கிளே பால் துகள் சிக்கி, மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் பீங்கான் தண்டு உடைந்திருந்தது. பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர் இது. காட்டூரில் ஒரு பட்டறைக்காரர் அரை மணி நேரத்தில் ஸ்டீல் தண்டு போட்டுக் கொடுத்தார், 120 ரூபாய். தண்ணிக்குள்ளேயே நாள் முழுக்க ஓடுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப மோட்டார் சூடெல்லாம் தண்ணிலதானுங்க எறங்கும்” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 18 வாட், 40 லிட்டர். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 0.4 டிகிரி ஏறும். நான் சாக்கு நனைத்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது டைமர் போட்டு 15 நிமிடம் ஓட்டம், 15 நிமிடம் ஓய்வு என்று வைத்திருக்கிறேன். செட்டோடு டைமரைச் சேர்த்துக் கொடுக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பதையும் அன்று பார்த்தேன். இந்தக் குழாயில் வேருக்கடியில் ஓடுவது தகடு போல மெல்லிய தண்ணீர்தான், சேமிப்பு எதுவும் கிடையாது. காலை எட்டு மணிக்கு நின்றிருக்க வேண்டும். பதினொன்றுக்கு நான் மாடியேறியபோது அந்த இரண்டு வரிசையும் துவண்டிருந்தன. ஆறு செடி திரும்பவே இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பழத்தைப் பற்றி என்ன சொல்வேன்! ஸ்ட்ராபெர்ரியைப் பறித்த பிறகு நிறம் கூடலாம், இனிப்புக் கூடாது. கடைக்கு வருவது பயணம் தாங்குவதற்காக முன்னாலேயே பறித்தது. காம்பு வரைக்கும் சிவந்த பழத்தை விடிகாலையில் பறித்து வாயில் போட்டபோதுதான், இத்தனை நாள் நான் தின்றது இதில்லை என்று தெரிந்தது. நாலு பழம் பழுத்திருந்தால் மாடிப்படி பாதி ஏறும்போதே வாசனை வந்துவிடும்.

அம்மாவுக்கு முட்டி வலி. மாடி ஏறாதவள், பூக்காலத்தில் மட்டும் தினம் பத்து மணிக்கு ஒரு வாட்டர்கலர் பிரஷ்ஷோடு ஏறிவிடுவாள். நிழல் வலைக்குள் தேனீ வருவதில்லை, ஒவ்வொரு பூவையும் நாம்தான் சுற்றித் தடவ வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் விதைகள்தான் உண்மையில் பழங்கள். நாம் தின்பது பூவின் அடிப்பாகம் பருத்த சதை. மகரந்தம் சேராத விதையைச் சுற்றிச் சதை பருக்காது, பழம் கோணிப் போகும். தடவிய பூவுக்கு அம்மா நூல் கட்டி வைப்பாள். கோணல் பழம் வந்தால், “இது நீ தடவுனது கண்ணு” என்பாள். நூலைப் பார்த்தால் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

நல்ல சீசனில் மொத்தம் நாலு கிலோ கிடைத்தது. கடை விலையோடு ஒப்பிட்டால் நட்டம்தான். அந்தப் பழத்துக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெண்ணிடம் நேற்று வாங்காதே என்றுதான் சொன்னேன். அவளுக்கு இருப்பது மேற்குப் பால்கனி, மதியத்துக்கு மேல் முழு வெயில். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மோட்டார் நின்றால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தெரியும். 6,800 என்ன, 3,000-க்குக் கொடுத்தாலும் அந்தக் கறுப்புத் தொட்டியை அங்கே வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு அக்டோபருக்கு 24 நாற்று சொல்லியாகிவிட்டது. 12 வழக்கம்போலக் குழாயில். மீதி 12 கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூள் பையில், மோட்டார் நின்றாலும் ஒரு பகல் தாங்குகிற ஈரம் அதில் நிற்கும். தொட்டியை மாடியிலிருந்து கீழே, வடக்குச் சுவரோரம் சம்ப்புக்குப் பக்கத்தில் இறக்கப் போகிறேன். அவ்வளவு உயரம் தண்ணீரைத் தள்ள இந்த மோட்டாரால் முடியாது. பெரியதாக, தொட்டிக்கு வெளியே வைக்கிற மாதிரி ஒன்றைப் பார்த்து வைக்கும்படி காட்டூர்க்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.