டிஃபென்ஸா, அஃபென்ஸா? நான் சாய்ந்த பக்கம்

கல்லூரி பாஸ்கெட்பால் அணி ஒன்றுக்கு நாலு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். இருப்பது ஒரு சிமென்ட் கோர்ட், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸ், பாயிண்ட் எடுக்கும் அஃபென்ஸ் இரண்டையும் முழுசாகச் சொல்லித்தர அது போதாது. நான் டிஃபென்ஸ் கட்சி.

அஃபென்ஸ் ஆட்டம் பார்க்க அழகு; பையன்கள் கூப்பிடாமலே பிராக்டிஸுக்கு வருவார்கள். அதன் உச்சம் 1990இல் அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணி. பால் வெஸ்ட்ஹெட் தயார் செய்த அந்த அணிக்கு ஆட்டத்துக்குச் சராசரி 122.4 பாயிண்ட். நடப்பு சாம்பியன் மிச்சிகனையே 149-115 என்று சாய்த்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அலபாமா பந்தைப் பிடித்து வைத்து வேகத்தைக் குறைத்ததும், 62-60 என்று தப்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்து லாஸ் வேகஸ் அணி அவர்கள் வேகத்திலேயே ஓடி 131-101 என்று அனுப்பிவைத்தது.

எனக்கு முடிவைத் தந்தது ஸ்கோர் இல்லை, டிசி. நல்ல ஷூட்டர் தேற இரண்டு வருஷமாகும். மூன்றாம் வருஷம் டிகிரியை முடித்துக்கொண்டு போய்விடுவான், அவனை நம்பிப் போட்ட பிளே, அதாவது ஆட்டத் திட்டம், எல்லாம் அவனோடு போகும். டிஃபென்ஸ் அப்படியில்லை. பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்க வேண்டும், மற்ற நாலு பேரும் ரிங்கிலிருந்து சுமார் 16 அடிக்குள் நின்று உள்ளே வரும் வழியை அடைக்க வேண்டும். அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் டோனி பென்னட் சொல்லித்தந்ததும் இதுதான். அவர் அப்பா டிக் பென்னட் உருவாக்கிய முறை. எங்கே நிற்பது, எப்போது உதவிக்குப் போவது என்பதை சீனியரே ஃபர்ஸ்ட் இயர் பையனுக்குக் கையைப் பிடித்து நிறுத்திக் காட்டிவிடுகிறான். நான் வருஷா வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. தவிர, திறந்தவெளி கோர்ட்டில் காற்றடித்தால் மூன்று பாயிண்ட் ஷாட் போன இடம் தெரியாது. காலுக்குக் காற்று ஒரு பொருட்டா?

வெர்ஜீனியாவை அப்படியே காப்பியடிக்கவும் முடியாது. அங்கே ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்ததும் ஷாட் போடத் தரும் நேரம், 30 நொடி; நாம் ஆடுவது 24. அவ்வளவு நிதானம் நமக்குக் கட்டாது. ரிங் பக்கத்தில் நின்று ஆடும் ஆறரை அடி போஸ்ட் பிளேயர் யாரும் இதுவரை எனக்கு வாய்க்கவில்லை. கிடைத்தால் வேறு மாதிரி எழுதுவேனோ என்னவோ.

இந்த முறையின் ஓட்டையும் வெர்ஜீனியாவிடமே தெரிந்தது. 2018 தேசியப் போட்டியில் தரவரிசையில் முதல் நிலை அணியாக இறங்கி, 16ஆம் நிலையில் இருந்த யூஎம்பிசி என்ற பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றார்கள். பாதி ஆட்டத்தில் 21-21. பிறகு பின்தங்கியதும் துரத்திப் பிடிக்க ஆளில்லை. அடுத்த வருஷம் கோப்பை வாங்கிய அணியில் ஹன்டர், கைல் கை, ஜெரோம் என்று ஷாட் போடத் தெரிந்த மூவர் இருந்தார்கள். இறுதிப் போட்டியில் ஹன்டர் மட்டும் 27 பாயிண்ட்.

போன வருஷம் ஒரு செமி ஃபைனலில் நாலு நிமிஷம் இருக்க எட்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். டைம்-அவுட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பந்தை யாரிடம் கொடுக்கச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது தொண்ணூறு நிமிஷத்தில் அறுபது டிஃபென்ஸுக்கு, கடைசி முப்பது ஷூட்டிங்குக்கு, அதுவும் ஓடிக் களைத்த காலோடு.