ஈலி ஊரில் கிராம்வெல் வீடு: போய் வந்த அனுபவம்

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். ஆலிவர் கிராம்வெல் என்றால் கரும்பலகையில் நாலு வரி எழுதுவேன். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸை எதிர்த்துப் போரிட்டவர், 1649-இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது, 1653-இல் மன்னர் இல்லாத நாட்டை ஆளும் காப்பாளர் ஆனார், 1658-இல் இறந்தார். கேம்பிரிட்ஜில் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, எட்டு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு ஈலியில் இருக்கும் அவர் வீட்டைப் பார்க்கப் போனேன். அந்த நாலு வரியில் நான் எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது.

கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். பேராலயத்தைக் கடந்து, கிரிமியப் போரில் பிடித்து வந்த பீரங்கி நிற்கும் புல்வெளி வழியாக நடந்தால், செயின்ட் மேரி தேவாலயத்தை ஒட்டி, வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் தெரியும் பழைய வீடு. ஊரின் சுற்றுலாத் தகவல் மையமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வசதியான ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு, அவ்வளவுதான். கிராம்வெல்லே நாடாளுமன்றத்தில் சொன்னாரே: பிறப்பால் நான் கனவான், பெரிய உயரத்திலும் இல்லை, யாருக்கும் தெரியாத இடத்திலும் இல்லை என்று. வீடும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த வீடு அவருக்கு வந்த கதை நம் குடும்பக் கதை மாதிரி. ஏழு சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. 18 வயதில் அப்பா போய்விட்டார். 1628-இல் ஹண்டிங்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆனால் 1631-இல் அந்த ஊர்ச் சொத்தை விற்றுவிட்டு செயின்ட் ஐவ்ஸில் குத்தகை நிலத்தில் பிழைக்க வேண்டி வந்தது. 1636-இல் பிள்ளையில்லாத தாய்மாமன் சர் தாமஸ் ஸ்டூவர்ட் இறந்தபோது, ஈலியில் அவருக்கு இருந்த சொத்தும் பேராலயத்துக்கான தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, வசூலிக்கும் பொறுப்பும் மருமகனுக்கு வந்தன. அம்மா, மனைவி எலிசபெத், பிள்ளைகள், கல்யாணமாகாத சகோதரிகள் எல்லாரும் இந்த ஒரே கூரையின் கீழ்.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது சமையலறை. வீட்டிலேயே பழமையான பகுதி, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஈலி என்ற ஊர்ப் பெயரே விலாங்கு மீனிலிருந்து வந்தது என்பார்கள். அன்று சுற்றிலும் சதுப்பு நிலம், அடுப்பில் விலாங்கு வேகாத வாரம் இருந்திருக்காது. அடுப்படியில் நின்றபோது எலிசபெத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒன்பது பிள்ளை பெற்றவர், ஜேம்ஸ் கைக்குழந்தையிலேயே போய்விட்டான். கடைசிப் பெண் பிரான்சஸுக்கு 1638-இல் பக்கத்து தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம். அடுத்த வருடமே, பெல்ஸ்டெட் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மூத்தவன் ராபர்ட் 17 வயதில் பெரியம்மையில் இறந்த செய்தி இந்த வீட்டுக்கு வந்தது.

அடுத்த மகனின் பெயரும் ஆலிவர். 1644-இல் படை முகாமில் அவனையும் பெரியம்மை கொண்டுபோனது. அதே வருடம் மார்ஸ்டன் மூர் போரில் சகோதரி மகன் பீரங்கிக் குண்டுக்குப் பலியானான். அவனுடைய அப்பாவுக்குக் கிராம்வெல்லே கடிதம் எழுதினார். இந்த விஷயத்தில் நான் பட்டதும் உங்களுக்குத் தெரியுமே என்று அதில் ஒரு வரி. இத்தனை வருடம் மார்ஸ்டன் மூரை ஒரு மார்க் கேள்வியாக மட்டும் கேட்டிருக்கிறேன்.

மாடியறையில் பேரன் என் கையை விடவில்லை. ஆவி நடமாடும் அறை என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். அதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படவில்லை, சின்னவர்களுக்குப் பிடிக்கும்.

இவ்வளவு சொல்வதால் அவர் செய்ததை நான் மறக்கவில்லை. 1644 ஜனவரியில் இதே பேராலயத்துக்குள் போய், நடந்துகொண்டிருந்த ஆராதனையை நிறுத்தியவர். 1649-இல் அயர்லாந்தில் டிரோகெடாவிலும் வெக்ஸ்போர்டிலும் அவர் படை செய்த படுகொலையை எந்தக் குடும்பப் பாசமும் கழுவாது. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும்.

கடைசிக் காலத்தைப் பேரனுக்கு ரயிலில் சொன்னேன். செல்ல மகள் எலிசபெத் 1658 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இறந்தாள். நோயில் கிடந்தவள் பக்கத்திலேயே அரசு வேலையைக்கூட விட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 3-ஆம் தேதி, அவரும் போனார். மன்னராட்சி திரும்பியதும் 1661-இல் அவர் உடலைத் தோண்டியெடுத்து லண்டனில் குற்றவாளிகளைத் தூக்கிலிடும் இடமான டைபர்னில் தொங்கவிட்டார்கள். அவர் அம்மாவின் உடலையும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து எடுத்து வெளியே போட்டார்கள். மகளை மட்டும் தொடவில்லை, இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

“அம்மாவை ஏன் பாட்டி எடுத்தாங்க, அவங்க என்ன பண்ணாங்க?” என்று கேட்டான். வாட்டர்பீச் ஸ்டேஷன் வரைக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நிதானமாகப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் வேண்டும். காதில் வைத்துக் கேட்கும் ஒலி வழிகாட்டியை அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள், அறை அறையாக நின்று கேட்டால்தான் வீடு பேசும். உள்ளே போவதற்கு முன் பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யார் யார் என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. நாங்கள் அடுத்த சனிக்கிழமை ஹண்டிங்டன் போகிறோம். அவர் படித்த பழைய பள்ளிக்கூடம் இப்போது அருங்காட்சியகம், அவருடைய தொப்பியும் மருந்துப் பெட்டியும் அங்கே இருக்கின்றன. பேரன் மருந்துப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறான்.